மடியில் நிற்குமா?

கேள்வி: முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறேன். ஸ்ட்ராட்டோகாஸ்டரா, லெஸ் பாலா, ஃப்ளையிங் வி-யா?

பதில்: உட்கார்ந்துதானே பழகப் போகிறீர்கள்? அப்படியானால் கிப்ஸனின் ஃப்ளையிங் வி (1958) வேண்டாம். மேடையில் பறக்கும், மடியில் வைத்தால் வழுக்கி ஓடும்! லெஸ் பாலை (1952) அழகில் மிஞ்ச ஆளில்லை. ஆனால் கனம் தோளை அழுத்தும். தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருப்பதால், கை தவறிக் கீழே விழுந்தால் முதலில் முறிவது அந்த இடம்தான். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரோ (1954) வாசிப்பவரின் விலாவுக்கும் முன்கைக்கும் இடம் விட்டுச் செதுக்கிய மரம். கழுத்தைத் திருகாணியால் இணைத்திருப்பதால், பழுதானால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். என் ஓட்டு அதற்கே. கடைக்குப் போனதும் கண்ணாடியைத் தேடாதீர்கள். நாற்காலியைக் கேட்டு வாங்கி, அரை மணி நேரம் வாசித்துப் பாருங்கள்.