டின் ஓப்பனரில் திறந்த கடை

கே: டி.வி.யில் கூவி விற்கும் யோசனை எந்த மேதைக்கு வந்தது? (விழுப்புரம் வாசகர்)

ப: மேதைக்கு எங்கே வந்தது, பாக்கி வசூலாகாதவருக்கு வந்தது! 1977. அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டரில் ஒரு சின்ன வானொலி நிலையம். விளம்பரம் கொடுத்தவர் 'கையில காசில்லை' என்று 112 டின் ஓப்பனர்களைத் தள்ளிவிட்டார். எல்லாமே பட்டர் ஃப்ரூட் பச்சை. முதலாளி லோவல் பாக்ஸன் அவற்றை அறிவிப்பாளர் பாப் சிர்கோஸ்டாவிடம் கொடுத்து விற்கச் சொன்னார். ஒன்று 9 டாலர் 95 சென்ட். அத்தனையும் காலி! 1982-ல் அந்த வானொலி விற்பனையே உள்ளூர் கேபிள் சேனல். 1985-ல் நாடு முழுக்க 'ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க்'.

கே: ஜனங்கள் அப்படியா விழுந்தார்கள்?

ப: 1986-ல் 18 டாலருக்கு விட்ட பங்கு, முதல் நாளே 42 டாலரைத் தாண்டியது. சரக்கைவிடப் பங்கு வேகமாக விற்ற கடை! போன் செய்தவர் குரல் நேரலையில் வரும், விற்பவர் ஹாரனை 'பாம் பாம்' என்று அமுக்குவார். தனியாக இருக்கும் பாட்டிக்குப் பேச்சுத்துணை. வளையல் இலவச இணைப்பு.

கே: போன் லைன் கிடைக்காவிட்டால்?

ப: கோர்ட்தான். லைன் கோளாறால் வியாபாரம் போச்சு என்று ஜி.டி.இ. தொலைபேசி நிறுவனத்திடம் 150 கோடி டாலர் கேட்டார்கள். 1989-ல் ஜூரி ஒரு தம்படி தரவில்லை. போதாக்குறைக்கு, ஜி.டி.இ.யை அவதூறாகப் பேசியதற்கு 10 கோடி டாலர் கட்டச் சொன்னது.

கே: இந்த வியாபாரத்தை யார் கவிழ்த்தது? ஆன்லைனா? (திருப்பூர் வாசகி)

ப: உங்கள் கைபேசி. டி.வி.யில் கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்தினால், பக்கத்துக் கடை விலையை அதில் தட்டிப் பார்த்துவிடுகிறீர்களே! 2017-ல் போட்டி சேனலான கியூ.வி.சி.யின் தாய் நிறுவனம் ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க்கை வாங்கியது. 2025-ல் ஃப்ளோரிடா வளாகத்தையே மூட முடிவெடுத்தார்கள்.

கே: நம் நாட்டில்?

ப: 2008-ல் ஹோம்ஷாப்18 சேனல் வந்தது. 2015-ல் தொழிலதிபர் ராஜ் குந்த்ராவும் நடிகர் அக்ஷய் குமாரும் பெஸ்ட் டீல் டி.வி. தொடங்கினார்கள்; அடுத்த ஆண்டே மூடல். பொருள் வந்ததும் காசு தரும் வியாபாரம், பணமதிப்பு நீக்கத்தில் படுத்துவிட்டது என்றார் குந்த்ரா.

கே: நீங்கள் ஏமாந்ததுண்டா?

ப: ஒரு நள்ளிரவில், காய் நறுக்கும் கருவி, 999 ரூபாய். டி.வி.யில் வெங்காயம் பூப்பூவாக விழுந்தது. வீட்டில் சட்னியாக வந்தது. அது வந்த அட்டைப்பெட்டியில் இப்போது கரன்ட் பில்களைப் போட்டு வைத்திருக்கிறேன். பெட்டி நல்ல தரம்.