தவிலுக்கு ஒரு முகம்

கணினியில் பாட்டுச் சேர்ப்பவர்களுக்குப் பாட்டுக் கேட்க எங்கே நேரம்? அட்டைப்படம் தேடவே பொழுது சரி. சினிமாப் பாட்டென்றால் கவலையில்லை, சுவரொட்டி கிடைக்கும். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலுக்கு என்ன செய்வது? கச்சேரியில் யாரோ பதிந்த ஒலிநாடாவுக்கு அட்டை ஏது? பெயரைக் கொடுத்துத் தேடினால் ஆலமரத்தடியில் சின்முத்திரையோடு அதே பெயர்கொண்ட கடவுளே வந்து அமர்கிறார். மௌனத்தால் உபதேசம் செய்பவர் தவில் தனியாவர்த்தனத்துக்கு அட்டைப்படம்! அந்தப் படத்தையும் மென்பொருள் சும்மா விடாது. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் தனித்தனியே ஒட்டும். பன்னிரண்டு உருப்படிக்குப் பன்னிரண்டு பிரதி.

1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றிப் பாட்டுக் கேட்ட சனத்துக்கு அட்டை என்றால் கசெற் பெட்டிக்குள் மடித்த ஒரு கடதாசி. அதில் கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுத்த ரெக்கோர்டிங் பார்க்காரரின் பேனைக் கையெழுத்து, வெட்டித் திருத்திய இரண்டு பாட்டுப் பெயர், சிவப்புக் கோடு. அதைவிடப் பொருத்தமான அட்டைப்படம் வேறில்லை.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் மருமக்களே, அப்பாவின் பழைய கசெற்றுகளைக் குப்பையில் போடமுன் அந்தக் கடதாசியைப் போனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. சதுரமாக வெட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.