தோட்டாவுக்கு முடிதிருத்தம்: பசியாவரத்து அண்ணனுக்குத் தம்பியின் மடல்

பசியாவரத்தில் இருக்கும் அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, டெக்சாஸ் மாநிலம் பிரவுன்ஸ்வில்லிலிருந்து தம்பி எழுதிக்கொண்டது.  

‘டிரிம்மர்’ என்னும் சொல் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் தாடியைக் குறைக்கும் கருவியையும், பிரவுன்ஸ்வில்லின் கார் ஷெட்டுகளில் பித்தளைத் தோட்டாக் கூட்டின் கழுத்தைக் குறைக்கும் கருவியையும் குறிப்பதால், எதிர்வீட்டுப் பெரியவருக்கு நல்ல டிரிம்மர் ஒன்றைத் தேடிக் கொடுப்பதிலேயே தம்பிக்கு மூன்று வாரம் போயிற்று என்று தொலைபேசியில் சொல்லப்பட்ட செய்தி, அண்ணன் வீட்டுக்கு வேறு பொருளில் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை. அமெரிக்கா போனவன் முடிதிருத்தும் கடை வைத்துவிட்டான் என்று படகுத்துறையில் கிளம்பியிருக்கும் பேச்சை மறுப்பதும், அப்பேச்சிலும் ஓரளவு உண்மை உண்டு என்று ஒப்புக்கொள்வதும் இம்மடலின் நோக்கம்.

ஊரைப் பற்றிச் சிறிது சொல்லிவிட்டுப் பொருளுக்குள் நுழைவது முறை. பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் ஸ்ரீஹரிக்கோட்டா நீண்டு கிடப்பதுபோல, லகூனா மாத்ரே என்னும் உப்பங்கழிக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் இடையில் பாத்ரே தீவு என்னும் மணல்திட்டு கிடக்கின்றது. ஸ்ரீஹரிக்கோட்டாவில் இஸ்ரோ ராக்கெட் விடுவதுபோல, இந்தக் கழியின் தென்கோடிக்கு அருகே போகா சீகாவில் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் விடுகின்றது. துறைமுகத்தில் இறால் படகுகளும் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஏரிக்கு அப்பால் ராக்கெட் எழும்பும் ஊரில் பிறந்து, கடன் வாங்கி விமானம் ஏறி, உலகின் மறுபக்கத்துக்கு வந்து, அங்கும் ஏரிக்கு அப்பால் ராக்கெட் எழும்பும் ஊரிலேயே குடியேறியவனின் சாமர்த்தியத்தை அண்ணன் ஏற்கெனவே போதுமான அளவு பாராட்டிவிட்டதால், அது இங்கு விரித்துரைக்கப்படவில்லை. வேறுபாடு ஒன்றுதான்: பசியாவரத்தில் கடலுக்குப் போவதை நிறுத்திய பெரியவர்கள் கிழிந்த வலையைச் சரிசெய்தபடி பொழுதைக் கழிக்கின்றனர், எதிர்வீட்டுப் பெரியவரோ வெடித்து முடிந்த தோட்டாவைச் சரிசெய்தபடி கழிக்கின்றார்.

தோட்டா என்பது நான்கு உறுப்புகள் சேர்ந்தது: முன்னால் பறந்து போகும் குண்டு, அதைத் தள்ளும் வெடிமருந்து, அம்மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் (தீபாவளிப் பொட்டுக்கேப்பின் தடித்த அண்ணன் என்று கொள்ளலாம்), இம்மூன்றையும் தாங்கி நிற்கும் பித்தளைக் கூடு. சுட்டபின் முதல் மூன்றும் தீர்ந்துவிட, நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த அந்தக் கூடு மட்டும் துப்பாக்கியின் பக்கவாட்டில் துள்ளி விழுகின்றது. விலையில் பெரும் பங்கு இந்தக் கூட்டுக்குத்தான் என்பதால் அதை வீசாமல் பொறுக்கிக் கொண்டுவந்து, மறுபடி பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து நிரப்பிக்கொள்வது இந்நாட்டில் ஒரு குடிசைத் தொழிலாகவே நடக்கின்றது. தன் உபயோகத்துக்கு மட்டும் நிரப்பிக்கொள்பவருக்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்கப் புகுந்தால்தான் தேவை. இவ்வகையில் எவ்வளவு மிச்சமாகின்றது என்று தம்பி ஒருமுறை கேட்டதற்கு, பெரியவர் வீட்டுக்குள் அம்மையார் இருக்கின்றாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தோட்டாவுக்குப் பாதிச் செலவுதான் ஆகின்றது, ஆனால் முன்பு சுட்டதைப்போல் மூன்று மடங்கு சுட முடிகின்றது என்று தாழ்ந்த குரலில் கணக்குச் சொன்னார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழிக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் கிடைக்காமல் தம்பி தவித்த நேரம் அது.

இனி முடிதிருத்தத்தின் தேவைக்கு வருவோர் முதலில் அறிய வேண்டியது, பித்தளை வளரும் என்பதாகும். வெடிக்கும்போது உள்ளழுத்தத்தால் உப்பித் துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் கூட்டை, ‘டை’ எனப்படும் எஃகு அச்சுக்குள் பிரஸ்ஸால் அழுத்திப் பழைய பருமனுக்குக் கொண்டுவரும்போது, பக்கவாட்டில் நெருக்கப்பட்ட உலோகம் போக வேறிடம் இல்லாமல், கையில் பிடித்துப் பிதுக்கிய மாவைப்போலக் கழுத்துப் பக்கமாக நீள்கின்றது. பெரியவர் சுடும் .223 ரெமிங்டன் என்னும் வகைக்குக் கூட்டின் உச்ச நீளம் 1.760 அங்குலம், அதற்கு மேல் வளர்ந்துவிட்டால் 1.750 அங்குலத்துக்கு வெட்டிவிட வேண்டும் என்பது வழக்கம். இடைவெளி கால் மில்லிமீட்டர்தானே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அண்ணன் கேட்கக்கூடும். நீண்ட கழுத்தின் வாய் அறையின் முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டால், விடுபட வழியில்லாத அழுத்தம் மிகையாக ஏறிச் சுடுகின்றவர் முகத்துக்கு எதிரிலேயே விபத்தாகலாம் என்பதால், கால் மில்லிமீட்டருக்கு அங்கே தனி மரியாதை உண்டு. வெட்டியபின் வாயின் உள்ளும் புறமும் பிசிறு நிற்கும். அதைச் சுரண்டி எடுத்து, குண்டு உரசாமல் இறங்கும்படி உள்விளிம்பைச் சற்றுச் சாய்த்துவிடுவதும், அடியில் பிரைமர் உட்காரும் குழியில் படிந்த கரியைக் கிண்டி எடுப்பதும் அடுத்தடுத்த வேலைகள். ஒரு கூட்டுக்கு இவை பொழுதுபோக்கு. இரண்டு வாளிக் கூடுகளுக்குத் தண்டனை. பெரியவரிடம் சேர்ந்திருந்தவை இரண்டு வாளி.

மின்விசைக் கருவி தேடும் படலம் இங்கிருந்துதான் தொடங்குகின்றது. படகு எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கை என்னும் ஒரே தகுதியின் பேரில் தம்பி ஆலோசகராக நியமிக்கப்பட்டான். சம்பளம், சந்திப்புக்கு ஒரு கோப்பை பால் கலக்காத காப்பி. கடைகளில் கிடைப்பவற்றை ஆராய்ந்தபோது, அவை யாவும் மூன்று குலங்களுக்குள் அடங்கும் என்பது தெளிவாயிற்று. முதற் குலம் ஏழைக் குலம்: வீட்டில் சுவரைத் துளையிட வைத்திருக்கும் டிரில்லின் வாயில் மாட்டிக்கொள்ளும் சிறு வெட்டுக் கருவி. லீ நிறுவனம் விற்பதில், ஒவ்வொரு வகைக்கும் அளந்து செய்த நீளக் கம்பியொன்று கூட்டின் உள்ளே இறங்கி, அடித்துளை வழியே போய்க் கூட்டைப் பிடித்திருக்கும் தாங்கியில் முட்டும்போது வெட்டு தானாக நின்றுவிடுவதால், மிகையாக வெட்ட நினைத்தாலும் வெட்ட முடியாது. அறிவை மனிதனிடம் எதிர்பார்க்காமல் கம்பியிடம் ஒப்படைத்த அந்தப் பெருந்தன்மை தம்பிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டாவது, பல தலைக் குலம்: ஒரு மோட்டார் பெட்டியின் மேல் பல முனைகள் சுழன்றுகொண்டிருக்க, கூட்டை ஒவ்வொரு முனையிலும் காட்டிக் காட்டி எடுப்பது. ஹார்னடியின் பெட்டிக்குத் தலை மூன்று, லைமனின் பெட்டிக்குத் தலை ஐந்து. ராவணனுக்குப் பத்து என்று தம்பி சொல்லப்போய், ராவணன் எந்த நிறுவனம் என்று பெரியவர் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டார். ஆர்.சி.பி.எஸ். என்னும் இன்னொரு நிறுவனப் பெயரின் விரிவில் முதல் இரண்டு எழுத்துகளும், பாறை இடுக்குகளில் வாழும் அணில் இனத்து விலங்கொன்றைக் குறிக்கின்றன. அப்பிராணியைச் சுடக் குண்டு செய்யும் கருவியில் தொடங்கிய நிறுவனம் அதன் பெயரையே தலையில் சுமந்துகொண்டிருப்பது, நண்டு பிடித்துப் பிழைப்பவர் படகுக்கு நண்டின் பெயரை வைப்பதுபோன்ற நன்றியுணர்ச்சி என்றே கொள்ள வேண்டும். இக்குலத்தைப் பற்றி ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்: இப்பெட்டிகளில் பல, வெட்டுவதில்லை. பிசிறு எடுக்கும், குழி கிண்டும், துலக்கும். நீளத்தைக் குறைக்கத் தனிக் கருவி வேண்டும். விளம்பரப் படத்தில் சுழலும் ஐந்து தலையைக் கண்டு மயங்குவோர் இதைப் பெட்டி வீட்டுக்கு வந்தபிறகே தெரிந்துகொள்கின்றனர்.

மூன்றாவது, செல்வக் குலம். ஜிரோ என்னும் இயந்திரத்தில் ஒரே கடின உலோகக் கத்தி, நீளத்தை வெட்டும்போதே உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் சேர்த்துச் சாய்த்துவிடுவதால், மூன்று வேலை ஒரு தொடுதலில் முடிகின்றது. டில்லன் நிறுவனத்தின் மோட்டாரோ பிரஸ்ஸின் தலையிலேயே உட்கார்ந்துகொண்டு, கூடு டைக்குள் அழுந்தி நிற்கும் அந்த நொடியிலேயே கழுத்தைச் சீவிவிட, தெறிக்கும் பித்தளைச் சுருளை உறிஞ்ச வாக்குவம் கிளீனர் ஒன்று பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஜிரோ போன்றவற்றில் ஒரு நுட்பம் உண்டு. அவை கூட்டின் அடியிலிருந்து அளப்பதில்லை. உடல் கழுத்தாகக் குறுகும் தோளில் தாங்கி நின்று அளக்கின்றன. ஆகவே கூட்டை முதலில் டையில் அழுத்தித் தோளை ஒரே இடத்துக்குக் கொண்டுவராமல் வெட்டினால், தோள் எங்கே நிற்கின்றதோ அதற்கேற்ப நீளமும் மாறிவிடும். இந்த நுட்பத்தைத் தம்பி புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பெரியவரின் நண்பரிடம் இரவல் வாங்கிய இயந்திரத்தில் அழுத்தாத கூடுகள் நாற்பதை உற்சாகமாக வெட்டி முடித்து, வெர்னியரை வைத்துப் பார்த்தபோது நாற்பதும் நாற்பது நீளம் காட்டியதன் மூலம் தெரிந்துகொண்டான். அன்றைக்குக் காப்பி வரவில்லை.

இவற்றுள் எதை வாங்குவது என்னும் கேள்விக்கு வேகத்தை வைத்து விடை சொல்வோரே மிகுதி. வலை வாங்கப் போகின்றவரிடம் எது பெரிய வலை என்று கேட்காமல், மடவைக்கா இறாலுக்கா என்று கேட்கும் ஊரில் பிறந்தவனுக்கு அவ்வழக்கம் ஒவ்வவில்லை. பெரியவர் ஒரு நாள் வேலை செய்வதை மணிக்கட்டு வரை உற்றுப் பார்த்ததில், அவர் கை வலிப்பது வெட்டும்போது அன்று, கூட்டை விரலால் பற்றிப் பிசிறு சுரண்டும்போதுதான் என்பதும், எல்லாக் கூடும் ஒவ்வொரு சுற்றிலும் வளர்வதில்லை, வெட்ட வேண்டியவை அளந்து பார்த்தால் குறைவே என்பதும் புலப்பட்டன. எனவே வெட்டுக்கு டிரில்லில் மாட்டும் மலிவான கருவியும், பிசிறுக்கும் குழிக்கும் மூன்று தலைப் பெட்டியும் போதும் என்று தீர்ப்பு வழங்கப்பட்டது. வருத்தம் என்னவெனில், செல்வக் குலத்து இயந்திரத்துக்கு ஒதுக்கி வைத்த பணம் மிஞ்சிவிட்டதே என்று பெரியவர் மறுநாளே இன்னொரு துப்பாக்கி வாங்கிவிட்டார். அதற்கு வேறு அளவுக் கூடு.

பிரைமர் குழியைப் பற்றி ஒரு கிளைச் செய்தி. 1866ஆம் ஆண்டை ஒட்டி, ஹைரம் பெர்டன் என்னும் அமெரிக்கர் ஒரு வகைப் பிரைமரையும், எட்வர்ட் பாக்ஸர் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி வேறொரு வகையையும் கண்டுபிடித்தனர். பாக்ஸர் வகைக் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை இருப்பதால், மேலிருந்து ஊசியை இறக்கிப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். பெர்டன் வகையில் துளை இரண்டாகி ஓரம் ஒதுங்கிவிடுவதால் அது எளிதில் நடவாது. ஆனால் ஆங்கிலேயருடையதை அமெரிக்காவும், அமெரிக்கருடையதை ஐரோப்பியப் படைகள் பலவும் எடுத்துக்கொண்டன. பக்கத்து வீட்டுக் குழம்புக்கு எப்போதும் கூடுதல் ருசி என்பது இரு கண்டங்களுக்கும் பொதுவாகவே இருக்கின்றது.

துலக்குவதைப் பற்றி அண்ணிக்குத் தனியாகப் படித்துக் காட்டுவது நல்லது. கரி படிந்த கூடுகளை மக்காச்சோளக் கட்டையின் நொறுங்கலோடு அதிர்வுக் கலத்தில் உருட்டுவோரும், சோப்புத் தண்ணீரும் சிட்ரிக் அமிலமும் மெல்லிய எஃகு ஊசிகளும் கலந்து உருளையில் சுழற்றுவோரும் இங்கு இரு சமயத்தார்போல் வாதிடுகின்றனர். பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் துலக்கும் அறிவை ஆறு வயதில் பெற்றுவிட்ட ஊரார்க்கு இது புதிதன்று. அமிலம் மிகுந்தாலோ நேரம் நீடித்தாலோ பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும் என்பதும் அண்ணி அறியாததன்று. கூடாதது அம்மோனியா. ஆங்கிலேயர் ஆட்சியில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டாக்கள் காரணம் தெரியாமல் விரிசல் விட்டன. பருவத்தில் வரும் வெடிப்பு என்றே உலோகவியலார் அதற்குப் பெயரிட்டனர். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, உருவாக்கத்தின்போது உள்ளே இறுகி நின்ற விசையோடு சேர்ந்து பித்தளையைப் பிளக்கின்றது என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. ஆதலால் அம்மோனியா கலந்த பாலிஷை இத்தொழிலார் தொடுவதில்லை; உலகத்துக்கு அப்பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவை இந்திய மழையும் பெயர் பதிவாகாத சில குதிரைகளும்.

அண்ணன் மகன் கேட்டிருந்த காலிக் கூடு பத்தும் அனுப்பப்பட மாட்டா. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ‘தோட்டா’ என்னும் சொல்லுக்குள் அதன் உறுப்புகளும், அதைச் செய்யும் இயந்திரமும்கூட அடங்கும். இறக்குமதிக்கும் உற்பத்திக்கும் உரிமம் வேண்டும். சட்டத்தின் கண்ணில் ஒரு டிரிம்மரே தோட்டாவாகிவிடலாம் என்னும்போது, மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரியிடம் தாடிக்கும் பித்தளைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் துணிவு தம்பிக்கு இல்லை. தவிரவும் இங்குள்ள மின்சாரம் 120 வோல்ட். இங்குள்ள டிரிம்மரை அங்கே செருகினால் மோட்டார் ஒரே ஒரு முறை மிக வேகமாகச் சுற்றும். வெடிமருந்தில் அவ்வளவு நாட்டம் உள்ள பையனைப் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை இடிந்து கிடக்கும் முட்புதருக்கு அழைத்துப்போய்க் காட்டலாம்: 1613இல் எழுந்த அக்கோட்டையை வைத்திருந்த டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலேயே வெடிமருந்து ஆலை நடத்தி, கிழக்கிந்தியத் தீவுகள் வரை கப்பலில் அனுப்பினர். பெரியவரிடம் இதைச் சொன்னபோது, அந்த மருந்து இன்னும் கிடைக்குமா என்று கேட்டார்.

புளியின் பெருமையைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சிட்ரிக் அமிலத்தின்மேல் நம்பிக்கை போய்விட்டது. அடுத்து ஊரிலிருந்து வருகின்றவரிடம் இரண்டு கிலோ பழம்புளியும் கொஞ்சம் கருவாடும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எது எது என்று மேலே தமிழில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். சென்ற முறை ஒரே பையில் வந்ததில், பெரியவரின் தோட்டாக்கள் வாரம் முழுதும் நெத்திலி வாசனை வீசின.

இங்ஙனம்,
அன்புள்ள தம்பி