ரோம் என்று போட்டிருக்கும்

உல்லாசக் கப்பல்களின் கால அட்டவணையில் 'கோலாலம்பூர்' என்று ஒரு துறைமுகம் உண்டு. கோலாலம்பூரில் கடல் கிடையாது. கனமழை பெய்தால் சில சாலைகளில் வந்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். கப்பல் உண்மையில் வந்து நிற்பது பூலாவ் இண்டாவில். ஜெஞ்சாரோமில் எங்கள் தாமானிலிருந்து எஸ்.கே.வி.இ. நெடுஞ்சாலையைப் பிடித்தால், காலையில் பசியாறிய நாசி லெமாக் செரிப்பதற்குள் அங்கே போய்விடலாம். கேமராவோடு மேல்தளத்துக்கு வரும் வெளிநாட்டுப் பயணி இரட்டைக் கோபுரத்தைத் தேடுவார். எதிரே கண்டல் காடு இருக்கும். பக்கத்தில் கன்டெய்னர் அடுக்கு இருக்கும். பிறகு பஸ். பத்துமலை, 272 படி, குரங்கு, கோபுரத்தின் கீழே ஒரு படம், சென்ட்ரல் மார்க்கெட்டில் ஒரு காந்தச் சில்லு, திரும்ப பஸ். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அவர் ஷா ஆலாமை மற்ற இடங்கள் எல்லாவற்றையும்விட நன்றாகப் பார்த்திருப்பார். ஊருக்குப் போய் மலேசியா பார்த்தேன் என்பார்.

இதையெல்லாம் கரையில் நின்று பார்த்துப் பழகிய குடும்பம் நாங்கள். அதனால் மத்தியதரைக் கடல் கப்பலுக்குப் பணம் கட்டி, அட்டவணையை அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தபோது, 'ரோம்' என்ற எழுத்தைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தோம். சின்ன மாமா மட்டும் சிரித்தார். அவர் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

"ரோம்னு போட்டிருந்தா ரோம் இல்ல மாப்பிள்ளை. அங்கயும் ஒரு பூலாவ் இண்டா இருக்கும், தேடிப் பாருங்க."

தேடினேன். இருந்தது. அதன் பெயர் சிவித்தாவெக்கியா. ட்ராஜன் என்ற பேரரசர் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் கட்டிய துறைமுகம். ரோம் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். 'ஃபிளாரன்ஸ்' என்று போட்டிருந்த இடம் லிவோர்னோ. ஃபிளாரன்ஸ் அங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். பார்சலோனாவும் நேப்பிள்ஸும்தான் யோக்கியமான ஊர்கள். கப்பல் அங்கே ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது.

கிரேக்கத் தீவுகள் பக்கம் போகும் கப்பலை முதல் கூட்டத்திலேயே நிராகரித்துவிட்டோம். சாண்டோரினியில் பெரிய கப்பல் கரைக்கு வராதாம். கடலிலேயே நிற்க, சின்னப் படகில் போய் இறங்க வேண்டும். இறங்கியபின் மேலே ஊருக்குப் போக 588 படி. அல்லது கழுதை. அல்லது கேபிள் கார் வரிசை. "முருகனே 272 படிக்கு மேல என்கிட்ட கேட்டதில்ல" என்று மாமியார் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மலேசியத் தமிழனுக்குக் கூட்டுப் பயணம் புதிதல்ல. கோயில் ரொம்போங்கான் பஸ்ஸில் வளர்ந்தவர்கள் நாங்கள். காலை நான்கு மணிக்குப் புறப்படுவதாகச் சொன்னால் ஐந்தரைக்குப் புறப்படும். தாப்பா ஓய்விடத்தில் கழிவறைக்குப் போன பெரியம்மாவைக் காணவில்லை என்று அரை மணி நேரம் நிற்கும். அவர் பழக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருப்பார். டிரைவர் முணுமுணுப்பார், ஆனால் விட்டுவிட்டுப் போகமாட்டார். இந்தப் பண்பாட்டில் ஊறிய எங்களிடம் மச்சான் கப்பலின் விதியை வாசித்தார். புறப்படும் நேரத்துக்கு அரை மணிக்கு முன்பே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போயிருந்தால், பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டு சேர்ப்பார்கள். சொந்தமாகப் போனால் பாலத்தில் நின்று கையாட்டலாம்.

"கப்பல் பஸ் இல்ல. பெல்லடிச்சா நிக்காது" என்றார் சின்ன மாமா.

அவர் வார்த்தைக்கு எடை அதிகம், ஏனென்றால் கரையிறங்குவதைப் பற்றி அவர் ஒரு வரலாறே வைத்திருக்கிறார். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மொரிப் கடற்கரையில் 1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியப் படைகள் இறங்கின. 'ஆப்பரேஷன் ஸிப்பர்' என்று பெயர். சண்டை போட்டு இறங்கத்தான் திட்டம். அதற்குள் ஜப்பான் சரணடைந்துவிட்டது. எதிர்க்க ஒரு ஆள் இல்லாத கரையில் இறங்கிய லோரிகளும் வண்டிகளும் சேற்றில் புதைந்து நின்றன. மொரிப்பில் கால் வைத்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும் அங்கே செருப்பு போனால் வராது என்று. "அவ்வளவு பெரிய பட்டாளம், அவ்வளவு வரைபடம், உள்ளூர்க்காரன் ஒருத்தன்கிட்ட கேட்டிருக்கலாமே" என்பது சின்ன மாமாவின் எண்பது வருட ஆதங்கம். அவருக்கு வயது எழுபதுதான். மீதி அவர் அப்பாவுடையது.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவா, நாமே ரயில் பிடிப்பதா என்பதுதான் அடுத்த சண்டை. யூரோவை ஏறக்குறைய ஐந்து வெள்ளி என்று பெருக்கி, அதை ஏழு பேரால் பெருக்கி, வந்த தொகையைப் பார்த்து மச்சான் கால்குலேட்டர் கெட்டுவிட்டதா என்று இன்னொரு கால்குலேட்டரில் போட்டார். அதுவும் கெட்டிருந்தது. அவர் ஒரு எக்செல் தாள் செய்திருக்கிறார். பச்சை நிறம் இலவசம், மஞ்சள் ரயில், சிவப்பு கப்பல் பஸ். ரோம் நாளில் கொலோசியம், வத்திகன், காசு போடும் நீரூற்று எல்லாம் போட்டு, இடையில் 'மதிய உணவு: 12 நிமிடம்' என்றும் எழுதியிருந்தார். அந்த வரியைக் குடும்பம் ஒருமனதாக நிராகரித்தது. கொலோசியத்தை எடுத்துவிடலாம் என்று ஒரு திருத்தம் வந்தது.

வத்திகனில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது மச்சானுக்குத் தனிப்பட்ட அடி. அவர் கல்யாணத்துக்குப் பிறகு முழுக்கால் சிலுவார் போட்டு யாரும் பார்த்ததில்லை. பார்சலோனா ஜேப்படித் திருடர்களைப் பற்றி நான் எச்சரித்தபோது மாமியார் பதில் பேசவில்லை. இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை லேசாகத் தட்டிக் காட்டினார். அதை அவிழ்க்க அவருக்கே நாலு நிமிடம் ஆகும்.

மார்சேயில் எங்கே போவது என்று யாருக்கும் பெரிய கருத்து இல்லை. ஆனால் போயே தீர வேண்டும் என்று ஒரு உரிமைக் குரல் எழுந்தது. காரணம் குப்பை. 2018 ஆரம்பத்தில் சீனா வெளிநாட்டு பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியதும், அது வழி மாறி எங்கள் பக்கம் வந்தது. ஜெஞ்சாரோமைச் சுற்றிச் சட்டவிரோத ஆலைகள் முளைத்தன. இரவில் எரிப்பார்கள், சன்னலை மூடினாலும் நாற்றம் வரும். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் இருமியபடியே புகார் மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைந்தார். அந்தக் குப்பையில் எந்தெந்த நாட்டுப் பொட்டலங்கள் இருந்தன என்று உலகப் பத்திரிகைகளெல்லாம் வந்து படம் பிடித்தன. நாங்கள் ஐரோப்பா போகும் முன்பே ஐரோப்பா எங்களிடம் வந்துவிட்டது, விசா இல்லாமல், ஒரு மணி நேரத்தில் திரும்ப வேண்டும் என்ற அவசரமும் இல்லாமல். பிறகு அரசாங்கம் பிடித்துத் திருப்பி அனுப்பியது. 2020 ஜனவரியில் சொன்ன கணக்குப்படி நாடு முழுவதிலிருந்தும் 150 கன்டெய்னர், 13 நாடுகளுக்கு. அதில் பிரான்சுக்கு 43, ஸ்பெயினுக்கு 10. "அவங்க வந்துட்டுப் போயிட்டாங்க, நாம மறுவீடு போக வேணாமா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயம்தான். மார்சேக்குப் பச்சை நிறம் பூசினோம். துறைமுகத்தைச் சுற்றி சும்மா நடப்பது.

என் தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான். ராஜுலா. 1926இல் கட்டிய கப்பல். 5,000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் வைத்திருந்தது. நாங்கள் போகும் கப்பலிலும் கிட்டத்தட்ட அத்தனை பேர்தான், ஆனால் அதில் நீச்சல் குளம் மட்டும் நாலு. தாத்தாவின் கரைச் சுற்றுலாவில் தேர்வு எதுவும் கிடையாது. இறங்கியதும் தனிமை முகாம், உடம்பெல்லாம் மருந்து, பிறகு லோரி, பிறகு தோட்டம். திரும்பிவரக் கப்பல் காத்திருக்குமா என்று கேட்கவும் முடியவில்லை, கப்பல் போய்விட்டது. நாங்கள் இங்கே இருக்கிறோம். சிவப்பா மஞ்சளா என்று ஒரு வாரமாகச் சண்டை போடும் பேரனை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும், அச்சில் போட முடியாது.

நேப்பிள்ஸ்தான் எல்லாரும் ஒத்துப்போவார்கள் என்று நான் நம்பிய ஊர். கப்பல் ஊருக்குள் நிற்கிறது, ரயில் பிடித்தால் பொம்பெய். ஆனால் அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த மனைவி, வாய்தவறி, "பொம்பெய்ல நம்ம லட்சுமி சிலை கிடைச்சிருக்காம்" என்று சொல்லிவிட்டாள். உண்மைதான். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய அந்த ஊரில், 1938இல் தோண்டியபோது ஒரு வீட்டிலிருந்து தந்தச் சிலை ஒன்று கிடைத்தது. ஒரு சாண் உயரம் இருக்கும். மிளகும் முத்தும் தேடி ரோமானியர்கள் வந்த காலத்தில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டிப் போனது. 'பொம்பெய் லட்சுமி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. லட்சுமி அல்ல, யட்சி என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. மாமியாருக்கு அறிஞர்கள் பொருட்டல்ல. "அப்பவே நம்ம தாயார் அங்க போயிட்டாளா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொலோசியம் வேண்டாம், பீசா கோபுரம் சாய்ந்தாலும் விழுந்தாலும் கவலையில்லை, லட்சுமியை மட்டும் தரிசிக்க வேண்டும் என்றார்.

சிலை இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே எந்த அறையில் என்று பார்த்த மச்சான் மடிக்கணினியைப் பாதி மூடினார். பொம்பெயில் கிடைத்த ஆபாசமான ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒரு காலத்தில் பூட்டியே வைத்திருந்தார்கள். 'ரகசிய அறை' என்று பெயர். 2000இல்தான் பொதுமக்களுக்கு ஒழுங்காகத் திறந்துவிட்டார்கள். லட்சுமி அதற்குள் இருக்கிறாள்.

இதை மாமியாரிடம் யார் சொல்வது? மச்சான் என் மனைவியைப் பார்த்தார், மனைவி என்னைப் பார்த்தாள், நான் சின்ன மாமாவைப் பார்த்தேன், சின்ன மாமா காற்றாடியைப் பார்த்தார்.

"அத்தை, அந்த அறை அவ்வளவு சரியில்லையாம்" என்றேன்.

"ஏன், ஒழுகுதா?"

"ஒழுகல. சுத்தி இருக்கிற மத்த சிலைங்க... கொஞ்சம் ஒரு மாதிரி."

அத்தை மறுநாள் பேத்தியின் கைப்பேசியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "கோயில் கோபுரத்துல இல்லாததா? அவகிட்ட சேலைதான் இல்ல, நகை கைநிறைய போட்டிருக்கா. சீர்செஞ்சு அனுப்பின பொண்ணுதான்" என்றார். ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போகலாமா, அங்கே சுங்கத்தில் பிடுங்குவார்களா என்பதுவரை பேச்சு போனது.

அன்றிரவு மச்சான் தாளில் தேதிகளுக்கு நேரே கிழமைகளை நிரப்பினார். நேப்பிள்ஸ் வருவது செவ்வாய்க்கிழமை. அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை.

"செவ்வாய்க்கிழமை நல்ல காரியத்துக்கு ஆகாதுன்னு அந்த ஊர்லயும் தெரிஞ்சு வெச்சிருக்காங்க" என்றார் அத்தை. பிறகு, லட்சுமியைப் பார்க்க முடியாத ஊரில் தான் எதற்கு இறங்க வேண்டும் என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. சின்ன மாமாவிடம் இருந்தது. கப்பல் கரையில் நிற்கும் நாளில்தான் கப்பலே காலியாக இருக்கும், சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை கிடையாது, குளத்தோரச் சாய்வு நாற்காலிக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்கத் தேவையில்லை, வெசுவியஸ் மலை நாற்காலியிலிருந்தே தெரியும் என்றார். பக்கத்து வீட்டு அங்கிள் மகன் போய் வந்து சொன்னானாம். மனைவி யோசிக்கத் தொடங்கினாள். பிள்ளைகள் யோசிக்கவே இல்லை. மச்சான் எக்செல் தாளில் புதிதாக ஒரு நிறம் சேர்த்தார், நீலம். நேப்பிள்ஸ் முழுக்க நீலமாகி, மெல்ல லிவோர்னோவின் மதியத்துக்கும் பரவிக்கொண்டிருக்கிறது.

துறைமுக நாட்களில் மதியம் சோறு போடுவார்களா என்று கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. போடுவார்களாம். என்ன அரிசி என்று திருப்பிக் கேட்கச் சொல்கிறார் அத்தை.