கடன் தீர்ந்த துக்கம்

கடனை அடைக்காதீர்கள், மனசு தாங்காது. வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இவ்வளவு மரியாதையாக எந்த மச்சான் நேரம் பார்த்துப் பேசுகிறான்?

நண்பர் கடைசித் தவணையைக் கட்டி, ‘நிலுவை இல்லை’ சான்றிதழை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மறுநாள் போன் அடிக்கவில்லை. சிக்னல் இல்லையோ என்று மொட்டை மாடிக்கே ஏறிவிட்டார். சிபில் மதிப்பெண்ணும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆயுசில் கடனே வாங்காத அவர் அப்பாவுக்கு அங்கே மார்க் -1. (பரம்பரைக் குறை, பாவம்.)

நாலாம் நாள் ஒரு தேன்குரல்: “சார், ஒழுங்கா கட்டுனீங்கல்ல, உங்களுக்கு புது லோன் ரெடி!”

மனுஷன் வட்டியே கேட்கவில்லை. “தினமும் எத்தனை மணிக்குக் கூப்பிடுவீங்க?” என்றார்.