வில்லங்கம் பார்க்காமல் பட்டா கொடுப்போருக்கு

பெறுநர்:
அமெரிக்கக் காப்புரிமை, வணிகக்குறி அலுவலகம்,
அலெக்ஸாண்ட்ரியா, வர்ஜீனியா.

பொருள்: தேடாமலே கண்டுபிடிக்க வழிகாட்டக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

எங்கள் ஊரில் அரை கிரவுண்டு மனை வாங்குகிறவன்கூட வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கமாட்டான். புதிதாக ஒரு கருவி செய்யக் கிளம்புகிறவனும் அப்படியே, வேறு யாராவது ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கிறார்களா என்று தேடிவிட்டுத்தான் காசைப் போட வேண்டுமாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். தங்கள் பதிவேட்டைப் புரட்டிய பிறகு அந்தப் பயம் எனக்குப் போய்விட்டது.

லேசர் ஒளியைத் தரையில் அடித்துப் பூனையை ஓடவிடும் முறைக்கு 1995இல் காப்புரிமை கொடுத்தீர்கள். ஓரம் நீக்கி விளிம்பை ஒட்டிய சாண்ட்விச்சுக்கு 1999இல். இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது 2002 ஏப்ரலில் தாங்கள் வழங்கிய 6,368,227 எண் காப்புரிமை. ஊஞ்சலில் உட்கார்ந்து, இரு பக்கச் சங்கிலிகளையும் மாற்றி மாற்றி இழுத்துப் பக்கவாட்டில் ஆடும் முறை! விண்ணப்பித்தவர் ஐந்து வயதுச் சிறுவர். அப்பா காப்புரிமை வக்கீல். உரிமம் வேண்டுவோர் கண்டுபிடிப்பாளரை அணுகலாம் என்று ஆவணத்திலேயே எழுதியிருந்தார்கள். மறு ஆண்டே தாங்களே அதை ரத்து செய்தீர்கள். அதுவரை இஷ்டத்துக்கு ஆடித் தீர்த்த உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் பாக்கி எதுவும் வசூலிக்கவில்லை என்று நம்புகிறேன்.

இதில் விண்ணப்பத்தைப் பரிசீலித்த உங்கள் ஆய்வாளரை மட்டும் குறை சொல்லமாட்டேன். ஊஞ்சலுக்கென்று ஏ63ஜி 9 என்ற வகைப்பாடே இருக்கிறது. அதில் தேடினால் பழைய ஊஞ்சல் காப்புரிமைகள் வந்து விழும். பள்ளி இடைவேளையில் பிள்ளைகள் ஆடுவதைத்தான் யாரும் எந்த எண்ணிலும் பதிந்து வைக்கவில்லை.

மஞ்சள் விஷயத்தில் நடந்ததும் இதுதான். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 மார்ச்சில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தீர்கள். அப்போதைய உங்கள் சட்டப்படி, வெளிநாட்டில் ஒன்று வழக்கத்தில் இருப்பது மட்டும் செல்லாது. அச்சில் வந்திருக்க வேண்டும். எங்கள் பாட்டிமார் பேரனின் முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்ட கையோடு அச்சகத்துக்கும் ஓடியிருக்க வேண்டும். அவர்களுக்குப் பதிலாக 1996இல் இந்தியாவின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் ஓடியது. 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை உட்பட 32 சான்றுகளை அடுக்கியது. தூள் வேறு, குழைத்த விழுது வேறு என்று எதிர்த்தரப்பு வாதாடிப் பார்த்தது. (எந்த அடுப்படியிலும் இந்த வாதம் எடுபட்டிருக்காது.) 1997இல் காப்புரிமை போயிற்று. வெளிநாட்டு வழக்கத்தைக் கணக்கில் எடுக்காத அந்தச் சட்டப் பிரிவு மாற 2013 ஆயிற்று.

என்னை மிகவும் கவர்ந்தது தங்கள் சட்டத்தின் இன்னொரு ஏற்பாடு. விண்ணப்பிக்கிறவர் தமக்குத் தெரிந்ததை மறைக்கக் கூடாது. ஆனால் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒருவரது காப்புரிமையைத் தெரிந்தே மீறினால் இழப்பீட்டை நீதிமன்றம் மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். விளைவு? பிறர் காப்புரிமைகளைப் படிக்கவே படிக்காதீர்கள் என்று பொறியாளர்களுக்கு வக்கீல்களே புத்தி சொல்கிறார்கள். கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதி ஊருக்குக் காட்டு, 20 வருஷம் உரிமை தருகிறேன் என்பதுதானே ஒப்பந்தம்? ஊருக்குக் காட்டியதைப் பார்த்தவன் தலையில் மும்மடங்கு அபாயம். கண்ணை மூடிக்கொண்டவன் அசல் தொகையோடு தப்பலாம். வில்லங்கம் பார்த்தவனைப் பிடித்து உள்ளே போடும் சார்பதிவாளரை நான் இதுவரை கண்டதில்லை.

எனவே பணிவான விண்ணப்பங்கள் இரண்டு. முதலாவது, தேடிப் பார்க்கிறவனைத் தண்டிக்கும் இந்த விசித்திரத்துக்கு ஒரு முடிவு கட்டச் சொல்லி உங்கள் நாடாளுமன்றத்துக்கு எழுதுங்கள். இரண்டாவது, எங்கள் சித்த மருத்துவத் தமிழ் நூல்களில் உள்ளவற்றையும் ஆங்கிலம், ஜப்பானியம் உட்பட ஐந்து மொழிகளில் தரும் பாரம்பரிய அறிவு மின்நூலகத்தைப் பார்க்க 2009இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். அடுத்த தடவை யாராவது சுக்குக் கஷாயத்தோடு வந்து நின்றால், முத்திரை குத்தும் முன் தயவுசெய்து அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
பக்கவாட்டிலும் ஊஞ்சல் ஆடத் தெரிந்த ஒருவன்.