கொய்யாக் கவட்டை

1984 கோடை விடுமுறையில், தாமிரபரணிக் கரைக் கிராமம் ஒன்றில், பத்து வயதுப் பையன் ஒருவன் ஆச்சி வீட்டுக் கொய்யாமரத்தடியில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான். பழத்தைத் தேடவில்லை. இரண்டு விரலை விரித்தாற்போல் ஒழுங்காகப் பிரிந்த கிளை ஒன்று வேண்டியிருந்தது. பெரியம்மை மகன் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தான்: "கொய்யாதான் சரி. முருங்கையில வெட்டினா உன் மூக்குல வந்து விழும்."

கிளை கிடைத்தது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டித் தேய்ந்து ஓய்ந்த டியூப், கெஞ்சலுக்குக் கிடைத்தது. கல் வைக்கும் தோலுக்குத் தாத்தாவின் பழைய செருப்பு பலியானது. அதை அவர் இன்னும் பழையதாகக் கருதவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வேட்டைக்குப் போகிறவன் வரலாற்றை யோசிப்பதில்லை. யோசித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் வந்திருக்கும். தினைப்புனத்தில் கிளி விரட்டிய வள்ளியின் கையில் இருந்தது கவண். கோலியாத்தைச் சாய்த்த தாவீது சுழற்றியதும் கவண்தான். அது கயிற்றில் கல்லை வைத்துச் சுற்றி விடுவது. இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் கவட்டை அந்த இருவருக்கும் கிடைக்கவில்லை. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் நொறுங்கும். அதைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கித் திடப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் காப்புரிமை வாங்கியது 1844இல். உருப்படியான கவட்டையெல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான்.

வசதி கூடியதே தவிர, குறி கூடவில்லை.

முதல் கல் அவன் இடது கைக் கட்டைவிரலைத்தான் அடித்தது. கவட்டை பிடித்த எல்லோருக்கும் இந்தத் தீட்சை உண்டு. இரண்டு பட்டையில் ஒன்று இம்மி நீளமாக இருந்தாலும் கல் கோணிக்கொண்டு கிளம்பும். கிளம்பியதும் எதிரில் நிற்பது பிடித்த கையின் விரல்தான். விரலுக்குத் தப்பிய கல்லும் நேராகப் போகாது. ஆற்றங்கரைச் சரளை ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. காற்றில் புரண்டு புரண்டு போய், நினைத்த கிளையை விட்டு அடுத்த தெருவை விசாரிக்கும். மணிப்புறா பறக்கக்கூட இல்லை. தலையைச் சாய்த்து, யார் இது என்று பார்த்தது. கௌதாரி குரல் மட்டும் கொடுத்தது. வேலி ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டி, 'இன்னொன்று விடு' என்றது.

ஓணான் மேல் ஊர்ப் பையன்களுக்குப் பரம்பரைப் பகை. ராமர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் கொடுத்தது வேறு திரவமாம். ராமர் பெயரில் பகை தீர்க்கப் போனவனை ஆச்சி ராமரை வைத்தே மடக்கினாள்: "ஏலே, சின்ன வயசுல கூனி முதுகுல ராமரு உண்டை அடிச்சாரு. அதுக்குப் பதினாலு வருசம் காடு. நீ அடிச்சா ஒனக்கு உடங்காடுதாம்லே." கூனியின் அந்தப் பழைய காயம் கம்பராமாயணத்தில் உண்மையாகவே இருக்கிறது.

ஆச்சியின் சட்டம் போக அரசாங்கத்தின் சட்டமும் ஒன்று இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவனைவிட இரண்டு வயது மூத்தது. அப்போது சிறு வேட்டைக்கென்று தனி உரிமமே உண்டு. 1991 திருத்தத்தில்தான் அது போனது. 'கொய்யாக் கவட்டை ஒன்று, சரளைக்கல் ஒரு டவுசர்ப் பை' என்று மனு எழுதியிருந்தால் வன அலுவலர் என்ன செய்திருப்பாரோ! அதைவிட வயிற்றைக் கலக்குவது அதே சட்டத்தின் 2(16) பிரிவு. கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்ல, அதற்கான ஒவ்வொரு முயற்சியும் வேட்டைதான் என்கிறது. குறி தப்புவதையே தொழிலாக வைத்திருந்தவனுக்கு இது பெரிய அநியாயம்.

கல்தான் குற்றவாளி என்று முடிவானதும் பையன் குளத்துக் களிமண்ணுக்கு மாறினான். சுண்டைக்காய் அளவு உருட்டி, நாற்பது உருண்டைகளை மொட்டைமாடியில் காயவைத்தான். மாடியில் இருந்ததோ ஒரே பாய். அதில் ஏற்கெனவே ஆச்சியின் சுண்டைவத்தல் கிடந்தது. மத்தியானக் காற்று இரண்டையும் கலந்துவிட்டது. ஆச்சிக்குக் கண்ணில் புரை.

மறுநாள் தாத்தாவின் தயிர்ச்சோற்றுக்கு நல்லெண்ணெயில் வறுத்த வத்தல் வந்தது. எல்லாம் ஒரே கறுப்பு. மூன்றாவது கவளத்தில் 'கடக்'கென்று சத்தம்.

அந்தக் கோடையில் அவனுடைய உருண்டை வீழ்த்திய ஒரே உயிர்ப்பொருள், தாத்தாவின் கடைவாய்ப் பல். தாத்தா எந்த அட்டவணையிலும் பாதுகாக்கப்பட்டவர் அல்லர் என்பதால் வழக்கு வீட்டோடு முடிந்தது. செருப்புக் கணக்கும் அன்றைக்கே சேர்த்துத் தீர்க்கப்பட்டது.

கவட்டையை அடுப்பில் போடப் போன ஆச்சியைத் தாத்தாதான் தடுத்தார். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து பையன் கையில் கொடுத்து, "கூரை மேல எறிலே, புதுசு முளைக்குதான்னு பாப்போம்" என்றார், அறுபத்தெட்டு வயதில். பையன் அதைத் தோலில் வைத்து, ஒரு கண்ணை மூடி, காதுவரை இழுத்து விட்டான்.

பக்கத்து வீட்டுக் கிணற்றில் 'ப்ளக்' என்று கேட்டது.